ராம் குறைவா? ஹார்ட் டிஸ்க்கிடம் கடன் கேளுங்கள்!

வாங்கிய புதிதில் குதிரை மாதிரி ஓடிய கம்ப்யூட்டர், நாலைந்து வருடத்தில் மாட்டு வண்டி ஆகிவிடுகிறது. பிரவுசரைத் திறந்தால் வட்டம் சுற்றுகிறது. கூடவே ஒரு பிடிஎஃப் ஃபைலைத் திறந்தால் மவுஸ் நகர மறுக்கிறது. ஹார்ட் டிஸ்க்கின் சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் 'உங்கள் கம்ப்யூட்டரில் மெமரி குறைவாக உள்ளது, புரோகிராம்களை மூடுங்கள்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. உங்கள் வீட்டிலும் இது நடக்கிறதா? அப்படியானால் இந்தக் கட்டுரை உங்களுக்காகத்தான்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் உள்ள கணியம்பாடியில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து வருகிறேன். என்னிடம் வரும் மெஷின்களில் பெரும்பாலானவை பத்து வயதைத் தாண்டியவை. சுற்றுவட்டாரத்தில் ஷூ கம்பெனிக்கும் தோல் ஷாப்புக்கும் வேலைக்குப் போகிற குடும்பங்கள் அதிகம். அவர்களில் பலருடைய வீட்டுக்குள் முதன்முதலில் நுழைந்த கம்ப்யூட்டர், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினி. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த லேப்டாப்கள் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு வழங்கப்பட்டன. வாங்கிய மாணவர் படிப்பை முடித்து வேலைக்குப் போய்விட்டாலும் லேப்டாப் வீட்டிலேயே இருக்கிறது. தம்பியோ தங்கையோ அதைப் பயன்படுத்துகிறார்கள். அவர்களுடைய தேவை வளர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் ராம் மட்டும் வளரவில்லை.

புது லேப்டாப் வாங்கலாம்தான். ஆனால் 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ராம் சிப்களின் விலை உலகம் முழுவதும் கடுமையாக ஏறியது. செயற்கை நுண்ணறிவு மையங்களுக்கான தேவை அதற்கு ஒரு முக்கியக் காரணம். எனவே கையில் இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்று பார்ப்பது இப்போது இன்னும் அவசியமாகிவிட்டது. அதற்கு உதவுவதுதான் விர்ச்சுவல் மெமரி. தமிழில் 'மெய்நிகர் நினைவகம்' என்கிறார்கள்.

விர்ச்சுவல் மெமரி என்றால் என்ன?

எங்கள் பக்கத்து உதாரணத்தையே சொல்கிறேன். ஷூ கம்பெனியில் கட்டிங் டேபிள் இருக்கும். அந்த டேபிளின் மேல் விரித்து வைத்த தோலைத்தான் வெட்ட முடியும். மற்ற தோல்கள் குடோனில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். டேபிள்தான் ராம். குடோன்தான் ஹார்ட் டிஸ்க். டேபிளில் இடம் இல்லாதபோது, இப்போதைக்குத் தேவைப்படாத தோலைச் சுருட்டிக் குடோனுக்கு அனுப்பிவிட்டு, தேவையான தோலைக் கொண்டுவரச் சொல்வார்கள். வெட்டுபவருக்கு வேலை நடக்கிறது. டேபிள் சின்னது என்பது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

கம்ப்யூட்டரும் இதையேதான் செய்கிறது. ராமை 4 கேபி அளவுள்ள சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் 'பேஜ்' என்று பெயர். நீங்கள் வேர்டு ஃபைலைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரமாகப் பிரவுசரில் இருக்கிறீர்கள் என்றால், வேர்டின் பேஜ்களில் பலவற்றை விண்டோஸ் ராமிலிருந்து எடுத்து ஹார்ட் டிஸ்க்கில் உள்ள ஒரு ஃபைலில் எழுதி வைத்துவிடும். அந்த ஃபைலின் பெயர் 'பேஜ்ஃபைல்'. காலியான இடம் பிரவுசருக்குப் போகும். நீங்கள் மறுபடி வேர்டுக்கு வந்தால், எழுதி வைத்த பேஜ்கள் திரும்ப ராமுக்கு வரும். ஒரு நொடி தயங்கிவிட்டு வேர்டு திறப்பதற்குக் காரணம் இதுதான்.

லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் இடத்துக்கு 'ஸ்வாப்' என்று பெயர். அது தனிப் பார்ட்டிஷனாகவும் இருக்கலாம், ஃபைலாகவும் இருக்கலாம்.

டிரம்மிலிருந்து பிறந்த யோசனை

இந்த யோசனை விண்டோஸில் பிறந்ததல்ல. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவான 'அட்லஸ்' என்ற கம்ப்யூட்டர் 1962 டிசம்பரில் முறைப்படி இயங்கத் தொடங்கியது. அதன் வேகமான நினைவகத்தில் 16,384 சொற்களை மட்டுமே வைக்க முடியும். இன்றைய கணக்கில் அது 96 கேபி. ஒரு சின்ன போட்டோவுக்குக் கூடப் போதாது. ஆனால் அதனுடன் காந்தம் பூசிய சுழலும் டிரம்கள் இருந்தன. அவற்றில் 98,304 சொற்கள் வைக்கலாம். புரோகிராம் எழுதுபவர் எது நினைவகத்தில் இருக்கிறது, எது டிரம்மில் இருக்கிறது என்று கவலைப்படாமல் இருக்க, 512 சொற்கள் கொண்ட பேஜ்களாகப் பிரித்து கம்ப்யூட்டரே முன்னும் பின்னும் மாற்றிக்கொள்ளும்படி செய்தார்கள்.

டிரம் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தோல் ஷாப்பில் சுற்றும் பெரிய மர டிரம்தான் நினைவுக்கு வரும். இது வேறு. ஆனால் இரண்டுக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. வேண்டிய பகுதி சுற்றி வரும்வரை காத்திருந்துதான் ஆக வேண்டும். இந்தக் காத்திருப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இந்த வசதியைக் கொண்டுவந்தது இன்டெல் நிறுவனம் 1985-இல் வெளியிட்ட 386 புராசசர். 1990-இல் வந்த விண்டோஸ் 3.0 அதைப் பயன்படுத்திக்கொண்டது. விண்டோஸ் 95, 98, எக்ஸ்பி என்று எல்லாமே அதன் மேல்தான் ஓடின. 2000-களில் டிடிபி சென்டர்களில் 128 எம்பி ராமை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகையும் ஃபிளெக்ஸ் பேனரும் அடித்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். போட்டோஷாப் விண்டோஸை நம்பி இருக்காமல் தனக்கென்று 'ஸ்க்ராட்ச் டிஸ்க்' என்ற பெயரில் சொந்தமாக ஒரு விர்ச்சுவல் மெமரியை வைத்துக்கொள்ளும். சி டிரைவில் இடம் குறைந்தால் 'ஸ்க்ராட்ச் டிஸ்க் நிரம்பிவிட்டது' என்று சொல்லி நின்றுவிடும்.

ஒரு லேப்டாப்பின் கதை

விஷயத்தைப் புரிந்துகொள்ள, சமீபத்தில் என்னிடம் வந்த ஒரு லேப்டாப்பையே எடுத்துக்கொள்வோம். அண்ணன் பிளஸ் 2 படிக்கும்போது பெற்ற அரசு லேப்டாப். 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இப்போது அதைப் பயன்படுத்துவது தங்கை. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார். அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங் வேலை செய்கிறார்.

தேர்வுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது லேப்டாப் உறைந்துபோகிறது. போட்டோவை அப்லோட் செய்யும் இடத்துக்கு வரும்போது நேரம் முடிந்துவிட்டது என்று வெளியே தள்ளிவிடுகிறது. இரண்டு நாளாக இதே கதை. கடைசித் தேதிக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது.

"தம்பி, இது சரிப்படாதுன்னா சொல்லிடு. குழுவுல முப்பதாயிரம் கேட்டிருக்கேன். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டா பணம் வந்துடும். புதுசே வாங்கிடலாம்னு பாக்கறேன்" என்றார் அந்த அம்மா.

"அவசரப்படாதீங்க அக்கா. ரெண்டு நாள் என்கிட்ட இருக்கட்டும். பார்த்துட்டுச் சொல்றேன். கையெழுத்து அதுக்கப்புறம் போட்டுக்கலாம்" என்றேன்.

முப்பதாயிரம் ரூபாய் கடன் என்றால் மாதாமாதம் தவணை. அந்த வீட்டில் அது சின்னத் தொகை இல்லை. அதனால் இந்த மெஷினில் உண்மையிலேயே என்ன குறை என்பதை அளந்து பார்ப்பது முக்கியம். எப்படி அளப்பது என்பதை நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள்

வழக்கமாக நீங்கள் பயன்படுத்தும் புரோகிராம்களை எல்லாம் திறந்து வையுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் டேபைக் கிளிக் செய்யுங்கள்.

விண்டோஸ் 7-இல் கீழே 'கமிட்' என்று ஒரு வரி இருக்கும். விண்டோஸ் 10-இல் மெமரி என்பதைக் கிளிக் செய்தால் 'கமிட்டட்' என்று இருக்கும். எக்ஸ்பியில் 'கமிட் சார்ஜ்' என்று பெயர். இதில் இரண்டு எண்கள் முக்கியம். முதலாவது, எல்லாப் புரோகிராம்களும் சேர்ந்து கேட்டிருக்கும் மெமரி. இரண்டாவது, கம்ப்யூட்டரால் கொடுக்க முடிந்த உச்ச அளவு. அதாவது ராமும் பேஜ்ஃபைலும் சேர்ந்த மொத்தம். முதல் எண் இரண்டாவது எண்ணை நெருங்கினால் 'மெமரி குறைவு' என்ற எச்சரிக்கை வரும்.

இந்த லேப்டாப்பில் பிரவுசரும் ஒரு பிடிஎஃப்பும் திறந்த நிலையில் 2,300 என்றும், உச்ச அளவு 2,450 என்றும் காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 2 ஜிபி ராமில் கிராஃபிக்ஸ் கொஞ்சம் எடுத்துக்கொண்டதுபோக ஏறக்குறைய 1,940 எம்பி. மீதி 512 எம்பிதான் பேஜ்ஃபைல். யாரோ 'ஸ்பீடு டிப்ஸ்' படித்துவிட்டுப் பேஜ்ஃபைலை 512-க்குச் சுருக்கி வைத்திருக்கிறார்கள். எச்சரிக்கைப் பெட்டி வந்ததன் காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது அளவு ஒன்றும் உண்டு. விண்டோஸ் 7 அல்லது 10-இல் அதே பெர்ஃபார்மன்ஸ் டேபிலிருந்து ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, மெமரி டேபுக்குப் போங்கள். 'ஹார்டு ஃபால்ட்ஸ்' என்று ஒரு வரைபடம் ஓடும். ஒரு நொடியில் எத்தனை முறை ஒரு பேஜை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுத்துவர வேண்டியிருந்தது என்பதை அது காட்டுகிறது. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், இது பழுது அல்ல. அவ்வப்போது ஏறி இறங்கினால் பரவாயில்லை. நூற்றுக்கணக்கில் ஏறி அங்கேயே நின்றால், உங்கள் கட்டிங் டேபிள் மிகச் சிறியது என்று பொருள்.

பேஜ்ஃபைலை மாற்றுவது எப்படி?

1. விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தினால் ரன் பெட்டி வரும். அதில் எஸ், ஒய், எஸ், டி, எம், புள்ளி, சி, பி, எல் என்று ஆங்கில எழுத்துகளில் இடைவெளி இல்லாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ் பெட்டி திறக்கும். எக்ஸ்பி முதல் விண்டோஸ் 11 வரை எல்லாவற்றிலும் இந்த வழி வேலை செய்யும்.

2. அட்வான்ஸ்டு டேபுக்குப் போய், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உள்ள செட்டிங்ஸ் பட்டனைக் கிளிக் செய்யுங்கள்.

3. அடுத்து வரும் பெட்டியிலும் ஒரு அட்வான்ஸ்டு டேப் இருக்கும். அதற்குள் விர்ச்சுவல் மெமரி என்ற பகுதியில் சேஞ்ச் பட்டனை அழுத்துங்கள்.

4. ஆட்டோமேட்டிக் என்று தொடங்கும் வரியின் முன்னால் உள்ள டிக் மார்க்கை எடுங்கள். எக்ஸ்பியில் இந்த வரி இருக்காது.

5. சி டிரைவைத் தேர்வு செய்து, கஸ்டம் சைஸ் என்பதைக் கிளிக் செய்யுங்கள். இனிஷியல் சைஸ், மேக்ஸிமம் சைஸ் என்ற இரண்டு கட்டங்களிலும் எம்பி கணக்கில் எண்களைக் கொடுங்கள். செட் பட்டனை அழுத்தி, ஓகே கொடுத்து, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

எவ்வளவு கொடுப்பது? 'ராமைப் போல ஒன்றரை மடங்கு' என்று ஒரு பழைய சூத்திரம் உண்டு. எக்ஸ்பி தானாக வைக்கும் தொடக்க அளவும் அதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ராம் குறைவாக இருப்பவருக்குத்தான் அதிகப் பேஜ்ஃபைல் தேவை. அந்தச் சூத்திரமோ ராம் அதிகம் உள்ளவருக்கு அதிகமாகக் கொடுக்கச் சொல்கிறது! அதனால் சூத்திரத்தைவிட, நீங்கள் அளந்த கமிட் எண்ணை நம்புங்கள். அதிகபட்ச வேலையின்போது கமிட் எவ்வளவு காட்டுகிறதோ, அதற்கு மேல் ஒரு ஜிபியாவது கூடுதலாக உச்ச அளவு இருக்க வேண்டும். அதிலிருந்து ராமைக் கழித்தால் பேஜ்ஃபைலின் அளவு கிடைக்கும்.

இந்த லேப்டாப்புக்கு இனிஷியல் 2048, மேக்ஸிமம் 4096 என்று கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் உச்ச அளவு 4 ஜிபிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. எச்சரிக்கைப் பெட்டி அதற்குப் பிறகு வரவில்லை.

உங்கள் பேஜ்ஃபைலில் யாரும் கை வைக்கவில்லை, சி டிரைவிலும் இடம் தாராளமாக இருக்கிறது என்றால், ஆட்டோமேட்டிக்காகவே விட்டுவிடுங்கள். விண்டோஸ் தானே தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளும். சி டிரைவ் நிரம்பிவிட்டால்தான் அதனால் கூட்ட முடியாது. எனவே சி டிரைவில் 10 ஜிபியாவது காலியாக வைத்திருப்பது நல்லது.

கடனுக்கு வட்டி உண்டு

எச்சரிக்கைப் பெட்டி போய்விட்டது. ஆனால் மெஷின் வேகமாகிவிட்டதா? இல்லை. இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். விர்ச்சுவல் மெமரி, வேலை நின்றுபோகாமல் காப்பாற்றும். வேகத்தைக் கொடுக்காது. காரணம், நான் முன்பு சொன்ன காத்திருப்பு.

ராமிலிருந்து ஒரு தகவலை எடுக்க ஏறக்குறைய 100 நானோ நொடி ஆகும். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுகிறது. வேண்டிய இடம் சுற்றி வருவதற்கே சராசரியாக 5.6 மில்லி நொடி. அதோடு ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் 10 மில்லி நொடிக்கு மேல் போய்விடும். அதாவது ஒரு லட்சம் மடங்கு தாமதம். ராமிலிருந்து எடுப்பது ஒரு நொடி வேலை என்று வைத்துக்கொண்டால், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எடுப்பது ஒரு நாளுக்கும் மேல் ஆகும் வேலை!

டேபிளில் வேலை செய்பவர் நிமிடத்துக்கு ஒருமுறை வேறு வேறு தோலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பையன் குடோனுக்கும் டேபிளுக்கும் ஓடிக்கொண்டே இருப்பான். வெட்டும் வேலை நடக்காது. கம்ப்யூட்டரில் இந்த நிலைக்கு 'த்ராஷிங்' என்று பெயர். பீட்டர் டென்னிங் என்ற அமெரிக்க அறிஞர் 1968-இலேயே இதன் காரணத்தை விளக்கி எழுதினார். ஒரு புரோகிராம் குறிப்பிட்ட நேரத்தில் உண்மையிலேயே தொட்டுக்கொண்டிருக்கும் பேஜ்கள் எல்லாம் ராமில் இருந்தால் பிரச்சினை இல்லை. அவையே ராமில் அடங்காவிட்டால், எவ்வளவு பெரிய பேஜ்ஃபைல் வைத்தாலும் பயன் இல்லை.

அதனால் விதி எளிமையானது. திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் புரோகிராம்களுக்கு விர்ச்சுவல் மெமரி அருமையாக உதவும். ஒரே நேரத்தில் வேலை செய்யும் புரோகிராம்களுக்கு உதவாது.

செய்யக் கூடாதவை

பேஜ்ஃபைலை அடியோடு நிறுத்தினால் வேகம் கூடும் என்ற டிப்ஸை நம்பாதீர்கள். ராம் நிரம்பியதும் புரோகிராம்கள் சேமிக்காத வேலையோடு விழுந்துவிடும்.

பேஜ்ஃபைலை சி டிரைவிலிருந்து டி டிரைவுக்கு மாற்றினால் வேகம் கூடும் என்பார்கள். இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் பார்ட்டிஷன்கள் என்றால், ஹெட் இன்னும் அதிகத் தூரம் நகர வேண்டியிருக்கும். நஷ்டம்தான். தனியாக இன்னொரு ஹார்ட் டிஸ்க் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு மட்டும் இது பயன் தரும்.

'ராம் கிளீனர்', 'மெமரி பூஸ்டர்' போன்ற புரோகிராம்களைப் போடாதீர்கள். இவற்றில் பல, ராமில் இருக்கும் பேஜ்களைக் கட்டாயமாக வெளியே தள்ளிவிட்டுப் 'பாருங்கள், இவ்வளவு காலி!' என்று காட்டுகின்றன. அடுத்த நிமிடமே அவை எல்லாம் திரும்ப உள்ளே வந்தாக வேண்டும்.

இரண்டு ஆன்டி வைரஸ் வேண்டாம். இந்த லேப்டாப்பில் இரண்டு இருந்தன. ஒன்றை நீக்கினேன். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே தானாக ஓடும் ஒன்பது புரோகிராம்களில் ஏழை நிறுத்தினேன். ஹார்டு ஃபால்ட்ஸ் வரைபடம் பாதிக்கு இறங்கியது. ஒரு ரூபாய் செலவில்லை.

ராம் வாங்குவதற்கு முன்...

'இவ்வளவு எதற்கு? இன்னொரு 2 ஜிபி ராம் போட்டுவிட்டால் போச்சு' என்று நீங்கள் நினைக்கலாம். பொறுங்கள். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் 2 ஜிபி ராமுக்கு மேல் பயன்படுத்தாது. மைக்ரோசாஃப்ட் வைத்த எல்லை அது. 4 ஜிபி போட்டாலும் '2 ஜிபி பயன்படுத்தலாம்' என்றுதான் காட்டும். அதே மாதிரி 32 பிட் விண்டோஸ் எதுவாக இருந்தாலும், வீட்டுப் பதிப்புகளில் 4 ஜிபிக்கு மேல் போட்டுப் பயன் இல்லை. கம்ப்யூட்டர் ஐகானில் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் உங்கள் பதிப்பும், 32 பிட்டா 64 பிட்டா என்பதும் தெரிந்துவிடும். ராம் கடைக்குப் போகும் முன் இதைப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. குரோம் பிரவுசரும் 2023 தொடக்கத்தில் விண்டோஸ் 7-ஐக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பேங்க் கணக்கு, ஆதார், தேர்வு விண்ணப்பம் போன்றவற்றை அப்டேட் இல்லாத விண்டோஸ் 7-இல் திறப்பது பாதுகாப்பு அல்ல.

எனவே அந்த லேப்டாப்பில் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். இலவசம். 2 ஜிபி ராமிலேயே ஓடக்கூடியது. நிறுவும்போதே ஸ்வாப் ஃபைலைத் தானாக உருவாக்கிக்கொள்கிறது. முக்கியமாக, ஸ்டார்ட்டரின் 2 ஜிபி எல்லை லினக்ஸுக்குக் கிடையாது. அது விண்டோஸின் எல்லை, லேப்டாப்பின் எல்லை அல்ல. ஆகவே இப்போது ராம் போட்டால் பலன் கிடைக்கும். வேலூரில் ஒரு பழைய 2 ஜிபி டிடிஆர்3 ராம் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. மொத்தம் 4 ஜிபி.

ஹார்ட் டிஸ்க்குக்குப் போகாமலே ஒரு கடன்

லினக்ஸில் இன்னொரு நல்ல வசதி 'இசட் ராம்'. 2014 முதல் லினக்ஸ் கெர்னலின் முறையான பகுதியாக இருக்கிறது. தேவைப்படாத பேஜ்களை ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்புவதற்குப் பதிலாக, ராமின் ஒரு பகுதிக்குள்ளேயே சுருக்கி வைத்துக்கொள்கிறது. ஜிப் ஃபைல் மாதிரி. சுருக்குவதற்கும் விரிப்பதற்கும் புராசசர் கொஞ்சம் வேலை செய்ய வேண்டும். ஆனாலும் அது சுற்றும் ஹார்ட் டிஸ்க்குக்காகக் காத்திருப்பதைவிடப் பல மடங்கு வேகம். விண்டோஸ் 10-இலும் 2015 முதல் இதே போன்ற மெமரி கம்ப்ரெஷன் தானாகவே நடக்கிறது. லினக்ஸ் மின்ட்டில் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடி இசட் ராமை நிறுவிக்கொள்ளலாம்.

எஸ்எஸ்டி போட வசதி இருந்தால் அதுவும் மிக நல்லது. அதில் சுற்றும் பாகம் இல்லை. ஒரு பேஜை எடுக்க 0.1 மில்லி நொடி அளவுதான் ஆகும். நம் பழைய கணக்கில், ஒரு நாளுக்கும் மேல் ஆன வேலை பதினேழு நிமிடமாகக் குறைகிறது. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தலாம்.

அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கரண்ட் போய்விட்டால் பேஜ்ஃபைல் கெட்டுவிடுமா?
அடுத்த முறை கம்ப்யூட்டர் தொடங்கும்போது, பேஜ்ஃபைலில் இருந்த பழைய பேஜ்கள் தேவைப்படாது. அதனால் கவலை இல்லை. ஆனால் சேமிக்காத உங்கள் வேலை போனது போனதுதான். பேட்டரி செத்த லேப்டாப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கன்ட்ரோல் எஸ் அழுத்தும் பழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

பென் டிரைவை ராமாகப் பயன்படுத்தலாமா?
2007-இல் விண்டோஸ் விஸ்டாவுடன் வந்த 'ரெடிபூஸ்ட்' வசதி பென் டிரைவை ஹார்ட் டிஸ்க்குக்கு உதவியாளாக வைக்கிறது. அது ராமின் அளவைக் கூட்டாது. 1 ஜிபி அல்லது அதற்கும் குறைவான ராம் உள்ள மெஷினில் கொஞ்சம் பயன் தெரியும். மற்றவர்கள் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பேஜ்ஃபைலை டெலிட் செய்து இடத்தை மிச்சம் பிடிக்கலாமா?
ஓடிக்கொண்டிருக்கும்போது விண்டோஸ் அதை டெலிட் செய்ய விடாது. இடம் வேண்டுமானால் டிஸ்க் கிளீனப் ஓட்டுங்கள், பழைய சினிமாக்களை வெளியே எடுங்கள்.

பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது கவனிக்க வேண்டியது?
ராமில் இருந்த தகவல்கள் பேஜ்ஃபைலில் எழுதப்படுகின்றன அல்லவா? நீங்கள் டைப் செய்தவற்றின் துண்டுகளும் அதில் இருக்கலாம். எனவே ஃபைல்களை டெலிட் செய்தால் மட்டும் போதாது. ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டு விற்பதே நல்லது.

எந்த வரிசையில் செய்யலாம்?

செலவு இல்லாததிலிருந்து தொடங்குங்கள். முதலில் கமிட் எண்ணை அளந்து, பேஜ்ஃபைலைச் சரி செய்யுங்கள். இரண்டாவது, தேவையில்லாமல் தானாக ஓடும் புரோகிராம்களை நிறுத்துங்கள். மூன்றாவது, விண்டோஸ் பழசாகிவிட்டால் லினக்ஸை முயன்று பாருங்கள். நான்காவது, உங்கள் சிஸ்டம் ஏற்கும் என்று உறுதி செய்துகொண்டு ராம் வாங்குங்கள். ஐந்தாவது, எஸ்எஸ்டி. இவ்வளவும் செய்த பிறகும் உங்கள் வேலைக்குப் போதவில்லை என்றால் மட்டும் புதியதைப் பற்றி யோசியுங்கள். வீடியோ எடிட்டிங், பெரிய கேம் போன்றவற்றுக்குப் பழைய மெஷினை வருத்த வேண்டாம். விண்ணப்பம், பாடம், டைப்பிங், பிடிஎஃப் படிப்பது போன்ற வேலைகளுக்கு அது இன்னும் சில வருடங்கள் தாங்கும்.

குரூப் 4 விண்ணப்பம் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேர்ந்தது. மொத்தச் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. அந்த அம்மா குழுக் கடனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு லேப்டாப் தூங்கிக்கொண்டிருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துத் தூசி தட்டி, டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த இரண்டு எண்களைப் பாருங்கள்!